அக்காவுக்குக் குடு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். அதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மீதியைப் படித்தால் தோற்றது போலத்தான் இருக்கும்.

இதே சூலூர் டீமைப் போன வருஷம் முதல் ஆட்டத்தில் இருபது பாயின்ட் வித்தியாசத்தில் அடித்தோம். இன்றைக்கு மூன்றே பாயின்ட். அதுவும் கடைசியில் அவர்கள் பெண் ஒருத்தி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கோட்டை விட்டதால். ரிங் புதிது, பந்தைத் துப்புகிறது. நான் போட்டதெல்லாம் அதில் பட்டு வெளியே வந்தது. கோச் ஆரோக்கியம் சாரிடம் சொன்னேன். "ரெண்டு பக்கமும் அதே ரிங்குதானேம்மா" என்றார். ஒரு கேப்டன் சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

ஆட்டம் முடிந்ததும் கிளப் செயலாளர் நாச்சிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் கோர்ட்டில் பச்சைப் புல்விரிப்பு போட்டு பாக்ஸ் கிரிக்கெட் நடத்த ஒருவன் ஆறு மாதமாகக் கமிட்டியைச் சுற்றி வருகிறான். பொள்ளாச்சியில் பெண்கள் பாஸ்கெட்பால் ஆட இருக்கிற ஒரே கோர்ட் அதுதான்.

"அம்மிணி, போன வருசம் சீசன் முதல் பாதியில ஏழு ஆட்டத்துல ஆறு ஜெயிச்சீங்க. கமிட்டியில ஒருத்தன் வாயத் தொறக்கல. இந்த வருசம் மூணாச்சும் ஜெயிச்சுப்போடுங்க. இல்லீன்னா ரெண்டாம் பாதிக்கு டீமே அனுப்ப மாட்டாங்க. கோர்ட்டையும் அவனுக்கு விட்டுருவாங்க."

மூன்றா! சிரிப்பு வந்துவிட்டது. "மூணு எதுக்குங்க, ஆறே தர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் பூபதி பைக்கை நிறுத்த, நான் இறங்கும்போது வலது முழங்கால் கொஞ்சம் பிடித்தது. மழைக் குளிருக்கு இப்படித்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பயிற்சி. இந்த வருஷம் வந்த புதுப் பிள்ளைகளுக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

நானும் பெனாசிரும் இந்த டீமை ஆரம்பித்த காலத்தில் பிள்ளைகள் கோர்ட்டில் வாயே திறக்க மாட்டார்கள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, அக்கா என்று கத்தவும் வெட்கம். அந்தத் தயக்கத்திலேயே பந்து பறிபோய்விடும். அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் கைதட்டல். பந்து வைத்திருக்கிறவள் மாட்டிக்கொண்டால் நான் எங்கே இருந்தாலும் பட் பட் என்று இரண்டு தட்டு தட்டுவேன். தேடக்கூடாது, யோசிக்கக்கூடாது. சத்தம் வந்த திசையில் எறிந்துவிட வேண்டும். அக்காவுக்குக் குடு, அக்கா பார்த்துக்கொள்வாள். போன வருஷம் மூன்று ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் இப்படித்தான் ஜெயித்தோம்.

எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, சுற்றிச் சுற்றி நடந்து தட்டினேன். மோகனப்பிரியாதான் கெட்டிக்காரி. கோமங்கலத்துப் பெண், காலேஜ் இரண்டாம் வருஷம், கொக்கு மாதிரி உயரம். ஒரு பந்துகூடத் தவறவில்லை, நெஞ்சுக்கு நேராக வந்து விழுந்தது.

"தூக்கத்துல தட்டினாக்கூடக் குடுப்பனுங்க்கா" என்றாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

திருப்பூரிடம் தோல்வி. போன வருஷம் அவர்கள் ஊரிலேயே வைத்து அடித்தோம்.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். அவர்கள் கோச் ஆட்டம் முழுக்க ஒரே பாட்டுத்தான்: "அந்த அக்காவைப் பிடிங்க! அந்த அக்காவை மட்டும் பிடிங்க, போதும்!" இரண்டு பேர் என்மேல் ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். இந்த வயதில் என்னை நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. தோற்ற வயிற்றெரிச்சலிலும் அது கொஞ்சம் இனித்தது.

பந்து எனக்குத் தாமதமாக வருகிறது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

நான் வேலை பார்க்கிற தென்னை நார் மில் ஆபீசில் என் மேஜையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மாடியில் ஒழுகுகிறது. என் இடத்தில் ஒழுகவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் ஒழுகலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மேட்டுப்பாளையம். தோல்வி. எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பூபதியின் நச்சரிப்பு தாங்காமல் டாக்டரிடம் போனேன். முழங்காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஜவ்வு, தேய்மானம், ஓட்டம் கூடாது, குதிக்கக் கூடாது. முப்பது தாண்டிய பெண்கள் யார் போனாலும் இவர்கள் இதைத்தான் சொல்வார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கும் இதே தேய்மானம்தான், அந்த அம்மாவுக்கு எழுபது வயது.

"டாக்டர் என்ன சொன்னார் புள்ள?" என்று பூபதி கேட்டார்.

"தைலம் போடச் சொன்னார்."

தைலம் வாங்கி வந்தோம். அதனால் அது பொய் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றைக்கு அன்னூர் டீம். போன வருஷம் கடைசி இடம் பிடித்தவர்கள். அவர்களிடமும் தோற்றோம்.

விசித்திரம் என்னவென்றால் இன்றைக்கு என்னை யாருமே பிடிக்கவில்லை. இரண்டு பேர் வேண்டாம், ஒருத்திகூட வரவில்லை. நான் ரிங்குக்கு நேராகத் தனியாக நின்றேன், அவர்கள் பாட்டுக்கு மற்ற பிள்ளைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன கோச்சிங் இது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். தட்டினேன், பந்து வந்தது, போட்டேன், விழவில்லை. மறுபடி தட்டினேன். காற்று வேறு.

கடைசியில் ஒரு தடவை மோகனா ரிங்குக்கு அடியில் தனியாக இருந்தாள். கையை உயர்த்திப் போட்டால் விழுந்திருக்கும். நான் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்டால், பழக்கம்தான். அவள் அப்படியே திரும்பி எனக்கு எறிந்தாள். நான் எழும்பினேன். எழும்பியதாகத்தான் நினைத்தேன். அன்னூர்ப் பெண் பந்தை என் கையிலிருந்து பூப் பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெனாசிர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து வருஷமாக என்னோடு ஆடுகிறவள், என்னிடம் பயமில்லாமல் பேசுகிற ஒரே ஜீவன்.

"ரேணு, அந்தப் பந்தை மோகனாவே போட்டிருக்கலாமில்ல?"

"கஷ்டமான இடம்டி அது. அவளுக்குப் பழக்கம் பத்தாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை இருக்கும்.

ஆகஸ்ட் 28, புதன்

பயிற்சி முடிந்து மோகனாவை பஸ் ஸ்டாண்டில் விடப் போனேன். அங்கே நின்று சொன்னாள், அவள் அப்பா மாப்பிள்ளை பார்க்கிறாராம். உடுமலைப்பேட்டைப் பக்கம், கோழிப்பண்ணை.

"படிப்பு?"

"படிப்பெல்லாம் அங்க போயிப் படிச்சுக்கலாம்கறாங்க. நாந்தான் டீம் இருக்குது, சீசன் முடியாம எப்படி வர்றதுன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கறனுங்க்கா. அப்பாக்கு என்ற போட்டோ பேப்பர்ல வந்ததுல கொஞ்சம் பெருமை. டீம் இருந்தா அடுத்த வருசம் வரைக்கும் தள்ளிப்போடுவாரு."

"டீமுக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. அக்கா இருக்கறனில்ல?"

"அதுதானுங்க்கா தைரியமே."

நாலு ஆட்டத்தில் ஒன்று. இன்னும் இருப்பது மூன்று, அதில் இரண்டு ஜெயிக்க வேண்டும். போன வருஷம் இந்நேரம் நாலுக்கு நாலு. எல்லாரும் ஆனைமலை போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். இதே பெனாசிர்தான், இதே ஆரோக்கியம் சார்தான், இதே நான்தான். என்ன மாறிப்போனது என்று எனக்குப் புரியவேயில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பூபதியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், காங்கேயத்தில். வராவிட்டால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். போனேன். பந்தியில் பாய் விரித்துத் தரையில்தான் இலை போட்டார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு பூபதி தட்டில் வாங்கி வந்து கொடுத்தார், நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

நான்கு மணிக்கு பெனாசிர் போன். அவினாசியை ஜெயித்துவிட்டார்களாம்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"பதினாறு. மோகனா மட்டுமே இருபத்தஞ்சு போட்டா ரேணு! நீ பாத்திருக்கோணும்!"

பின்னால் ஒரே கூச்சல், யாரோ வாளியைத் தட்டிக்கொண்டு பாடுகிறார்கள். சந்தோஷம் என்று சொன்னேன். அவினாசியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். யாரிடம் என்று ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

நான் போனபோது கோர்ட்டில் ஒரே சிரிப்பும் சத்தமும். மோகனா, "பெனா அக்கா, இங்க, இங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு குரல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டைத் திறந்தேன். எல்லாரும் "வாங்க்கா, வாங்க்கா" என்றார்கள். அதற்குப் பிறகு பந்து தரையில் படுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மரியாதையான பிள்ளைகள்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தேன். பூஜைக்கு எல்லாரும் கீழே உட்கார்ந்தார்கள், நான் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். நாளைக்கு ஆட்டம் இல்லை. அதில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயமுத்தூர். தோற்றோம்.

இதை மழுப்பாமல் எழுதப் போகிறேன். முதல் பாதியில் மோகனாவுக்குப் பந்து கிடைத்தபோதெல்லாம் அவள் கண் என்னைத் தேடியது. காங்கேயத்தில் நான் மொய் எழுதிக்கொண்டிருந்த அன்று இருபத்தைந்து போட்டவள், இன்றைக்கு எட்டு. மூன்றாவது கால் பகுதியில் நான் ஒரு பந்துக்காகத் திரும்பினேன். முழங்கால் என்னோடு திரும்பவில்லை. சிமெண்டில் விழுந்தேன். எதிர் டீம் பெண் ஓடி வந்து தூக்கிவிட்டு, "ஆன்ட்டி, பார்த்துங்க" என்றாள்.

பெனாசிர் என்னை டாய்லெட் பக்கம் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னைக்குச் சொல்லிருவேன் ரேணு. நீ கோபப்பட்டுக்கோ. நீ ஆடுனா நாம அஞ்சு பேர் இல்ல, நாலு பேர்தான் ஆடறோம். எல்லா டீமுக்கும் தெரிஞ்சு போச்சு. உன்ன விட்டுட்டு மத்தவங்களப் பிடிக்கறாங்க. நீ தட்டுனா இதுங்க யோசிக்காமக் குடுத்துருதுங்க. அக்கா கேட்டா எப்படிக் குடுக்காம இருக்கறது?"

"அப்ப என்னாலதான் தோக்கறமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னே?"

அழுதது அவள்தான். நான் அழவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து மீதி ஆட்டத்தையும் ஆடினேன். அதுதான் வெட்கக்கேடு, மீதியையும் ஆடினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பயிற்சிக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். பூபதி கடையிலிருந்து சீக்கிரம் வந்து ரசம் வைத்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கைக்கு ரசம் சுமாராகத்தான் வரும். ஆனாலும் குடித்தேன்.

போன சீசனை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கடைசி நிமிஷம், இரண்டு தட்டு, பந்து என் கைக்கு வந்து சேரும் அந்தச் சத்தம், ஊரே கத்தியது. கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதை விட்டுவிட்டு நார் மில்லில் பில் போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவது? எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

ஆரோக்கியம் சாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கவில்லை, வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

"சரிம்மா" என்றார். உடனே சொன்னார். ஒரு பேச்சுக்காவது யோசித்திருக்கலாம்.

பிறகு என்ன நினைத்தாரோ, "வீட்டிலயே ரெஸ்ட் எடேன்மா. இங்க வந்து உட்கார்ந்து எதுக்கு டென்ஷன்?" என்றார்.

கேப்டன் எப்படி சார் வராமல் இருக்க முடியும் என்றேன். கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்று. நான் இல்லாமல் எப்படி?

செப்டம்பர் 22, ஞாயிறு

முடிந்தது. ஒரு பாயின்ட்.

செப்டம்பர் 23, திங்கள்

ஆபீசுக்கு லீவு. நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

எதிரே பல்லடம். போன வருஷம் எங்களைத் தோற்கடித்த ஒரே டீம். எங்கள் கோர்ட், எங்கள் கூட்டம். நான் ஜெர்சி போடாமல் சுடிதாரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஆடின ஆட்டத்தை என்ன சொல்ல! கத்தினார்கள், ஒருத்தி பேரை ஒருத்தி கூப்பிட்டார்கள், விழுந்து எழுந்து ஓடினார்கள். மோகனா பறந்தாள். நான் பத்து வருஷமாக உண்டாக்க நினைத்த டீம் என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. பெருமையாகவும் இருந்தது, செத்துப் போகலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். பத்து வினாடிக்கும் குறைவு. பந்து மோகனாவிடம். எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்தபோது இரண்டு பேர் அவளை மறித்தார்கள். பெனாசிர் ரிங்குக்கு அடியில் ஆள் இல்லாமல் நின்று, "மோகனா! மோகனா!" என்று கத்தினாள். மோகனா பெனாசிரைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தினாள்.

பிறகு சட்டென்று திரும்பி, பார்க்காமலே, பெஞ்சுக்கு எறிந்தாள்.

நெஞ்சுக்கு நேராக வந்தது. நான் பிடித்துவிட்டேன். இந்த சீசனில் எனக்கு வந்ததிலேயே அருமையான பந்து அதுதான்.

கோட்டுக்கு வெளியே போன பந்து அவர்களுக்குப் போனது. மீதி நேரத்தை அவர்கள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். மோகனா நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டத்தில் ஒருத்தன், "எவகிட்டடி குடுத்தே?" என்றான். எல்லாரும் கேட்டது அதையேதான். கைக்கெட்டிய தூரத்தில் ஆள் இருக்க, ஏன் பெஞ்சுக்கு எறிந்தாள்? பதற்றம் என்றார் நாச்சிமுத்து. அனுபவம் பத்தாது என்றார் இன்னொருவர்.

அந்தச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

செப்டம்பர் 25, புதன்

கமிட்டி கூடியது. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். போன வருஷம் ஏழுக்கு ஆறு, இந்த வருஷம் ஏழுக்கு இரண்டு. டீம் இல்லை. புல்விரிப்புக்காரன் இன்று சாயங்காலமே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். ரிங்குகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பெனாசிர் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கடைசி வினாடிகளில் ரிங்குக்கு அடியில் நின்று எங்கள் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தவள் அவள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போனை நானும் எடுக்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. அவள் போனே செய்யவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு. பத்து மணிக்கு மோகனா வந்தாள். கையில் தேங்காய் பன் பொட்டலம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மன்னிச்சுப்போடுங்க்கா. டீமையே நான் கெடுத்துப்போட்டேன்."

"விடு கண்ணு."

"இல்லீங்க்கா, எனக்கு ராத்திரி எல்லாம் அதேதான். பெனா அக்காவப் பாத்தனுங்க்கா, குடுக்கத்தான் கை தூக்கனேன். அப்ப பட் பட்டுன்னு தட்டற மாதிரி கேட்டுச்சு. கை தன்னால திரும்பிருச்சு." அவள் என் முகத்தையே பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ஏதாவது சொல்ல மாட்டேனா என்று கேட்கிற பார்வை. "நீங்க தட்டலீல்லங்க்கா? எனக்குத்தான் பிரமைங்களா?"

தட்டினேன். இங்கே எழுதிவிடுகிறேன். அவள் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன், என் கை எழுந்தது, இரண்டு தட்டு தட்டினேன். உற்சாகப்படுத்தத்தான் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உற்சாகத்துக்கு யாரும் இரண்டே தட்டு தட்டி நிறுத்த மாட்டார்கள். பந்து எனக்கு வேண்டும் என்றிருந்தது. சுடிதாரில், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேண்டும் என்றிருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் தலை நிமிர்ந்து போயிருப்பாள். அவளுக்கு என்னிடம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"இருக்கும் கண்ணு. பதற்றத்துல அப்படித்தான் கேக்கும்" என்றேன்.

"ஆமாங்க்கா" என்றாள். என்னை நம்பிவிட்டாள். அக்கா சொன்னால் நம்பத்தானே வேண்டும், நான் பழக்கியது அப்படி. கோழிப்பண்ணை வீட்டார் புதன்கிழமை பார்க்க வருகிறார்களாம். அப்பா இந்த முறை கேட்கவேயில்லையாம், நேராகத் தேதி சொல்லிவிட்டாராம். "நீங்களும் வருவீங்களாங்க்கா? நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காபி குடித்தாள். நான் எழுந்து டம்ளரை வாங்கப் போனேன், முழங்கால் விடவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இருங்க்கா, நீங்க எந்திரிக்காதீங்க" என்று சொல்லி இரண்டு டம்ளரையும் அவளே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.